கிளிநொச்சியிலிருந்து ஒரு நாள்: பிள்ளைகளை எந்த வீதியால் கூட்டிப் போவது?

விடுமுறை தொடங்கி ஒரு கிழமை போவதற்குள் வீட்டில் கேள்வி வந்துவிடும்: எங்கே போகிறோம்? வெளிநாட்டிலிருந்து மாமா, சித்தி குடும்பங்களும் வந்து நிற்கிற ஓகஸ்ட் மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு வாகனம் பிடிக்கலாம், விடியக் காலையில் வெளிக்கிட்டு இருட்டுவதற்குள் திரும்பலாம். ஆனால் எந்தப் பக்கம்?

கிளிநொச்சி, பரந்தன் பக்கம் இருப்பவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஏ9 வீதியால் வடக்கே போனால் யாழ்ப்பாண நகரம். தெற்கே இறங்கி மாங்குளத்தில் திரும்பினால் ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பரந்தனில் ஏறலாம். பூநகரியால் மேற்குக் கரையைப் பிடித்துப் போனால் மன்னார். முதல் இரண்டும் தூரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். போகவர 130, 140 கிலோமீற்றர். மன்னாருக்கு 200ஐத் தாண்டிவிடும். வாகனக் கூலி கிலோமீற்றர் கணக்கு என்பதால் முதல் இரண்டுக்கும் செலவிலும் பெரிய வித்தியாசம் வராது. அதனால் பிள்ளை அன்றைக்கு எதைப் பார்க்கும், யாரிடம் பேசும், எதைத் தொட்டுப் பார்க்கும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றால் முல்லைத்தீவுச் சுற்று. ஓஎல் பரீட்சையை நெருங்கும் பிள்ளைகள் என்றால் யாழ்ப்பாணம், அதுவும் போன வழியால் திரும்பாமல் வந்தால் மட்டும். மன்னார் நல்ல இடம், ஆனால் ஒரே நாளில் போய்வர ஏற்றதல்ல.

யாழ்ப்பாண வீதியைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. பார்க்க வேண்டியது எல்லாம் நகரத்தில்தான், அதுவரை பிள்ளைகள் நித்திரை கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். எனக்கென்றால் அந்தப் பயணத்தின் பாதிச் சரக்கு நகரத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. பரந்தனில் ஒரு காலத்தில் இரசாயனத் தொழிற்சாலை ஓடியது. பக்கத்திலேயே ஆனையிறவு உப்பு கிடைத்ததால்தான் அது அங்கே வந்தது. உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். 1980களில் போரோடு எல்லாம் நின்றுபோனது. உப்புக் கரைசலின் மின்பகுப்பைப் பள்ளிப் புத்தகத்தில் மனனம் செய்கிற பிள்ளைக்கு, அதைச் செய்த தொழிற்சாலை தன் ஊர்ப் பக்கத்தில் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. அங்கிருந்து கொஞ்ச நேரத்தில் ஆனையிறவு வந்துவிடும். இரண்டு பக்கமும் கடல்நீர், நடுவில் வீதியும் தண்டவாளமும். வெயில் காலத்தில் போனால் உப்பளப் பாத்திகளில் நீர் வற்றி வெள்ளை படிவது தெரியும். மாரியில் போனால் வெறும் தண்ணீர்தான். பாத்தியைப் பார்க்க ஓகஸ்ட் நல்லது, டிசெம்பர் சரிவராது.

பளையைத் தாண்டும்போது காற்றாலைகள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் நகரத்தை விடப் பெரிய விசயம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்தது. போரில் தலை போன பனைகளும் அங்கே நெடுநாள் நின்றன. கேள்வி வரும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி நகரம். யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளக் கூடியவை நிறைய உண்டு, ஆனால் ஒன்றும் தானாக வந்து மடியில் விழாது. கோட்டையை எடுங்கள். சும்மா கூட்டிப் போனால் மதில் மேல் ஓடுவார்கள், படம் எடுப்பார்கள், தாகம் என்பார்கள். உள்ளே போவதற்கு முதல், இந்தக் கோட்டைக்கு எத்தனை மூலை என்று நடந்து எண்ணிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டால் கதை வேறு. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருத்திக் கட்டியது. ஏன் ஐந்து, நாலு இருந்தால் என்ன குறை என்று பிள்ளை கேட்டால், மூலைக்கொத்தளத்தில் நிற்பவனுக்கு அடுத்த மதிலின் அடி தெரிகிறதா என்று அங்கேயே நிற்க வைத்துக் காட்டலாம். மதிலில் முருகைக்கற்களும் இருக்கும். கடலுக்குள் வளர்ந்த கல் மதிலுக்கு வந்த கதை தனிப் பாடம்.

நூலகமும் அப்படித்தான். 1933இல் ஒருவர் தன் வீட்டில் புத்தகங்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் பின்னால் யாழ்ப்பாணப் பொது நூலகமானது. 1981 ஜூன் தொடக்கத்தில் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு வருவதில் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. உள்ளே போய், எந்த நூல் எந்த இறாக்கையில் ஏன் இருக்கிறது என்று பார்த்தால்தான் பயன். பதின்மூன்று, பதினான்கு வயதில் அது பிடிபடும். ஏழு வயதில் பிடிபடாது, அது பிள்ளையின் குற்றமும் அல்ல. நகரம் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்குத்தான் வாயைத் திறக்கும். நம்மில் பாதிப்பேர் படிக்காமல் கூட்டிப் போய், நல்லூரடியில் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். ஐஸ்கிறீமைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு 65 கிலோமீற்றர் ஓட வேண்டியதில்லை.

யாழ்ப்பாணம் என்று முடிவெடுத்தால் திரும்பும் வழியை மாற்றுங்கள். நாவற்குழியில் தெற்கே திரும்பினால் சங்குப்பிட்டிப் பாலம். 2011இல் திறந்த பாலம் அது. அதற்கு முன் பூநகரியார் யாழ்ப்பாணம் போகக் கடலைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் பரந்தன், ஆனையிறவு என்று சுற்ற வேண்டும். இப்போது சில நிமிட வேலை. ஒரு பாலம் ஒரு ஊரை எவ்வளவு கிட்டக் கொண்டுவரும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை. வரைபடத்தையும் ஒரு நூல்துண்டையும் கொடுத்துப் பழைய சுற்றுவழியையும் புதிய வழியையும் அளக்கச் சொல்லுங்கள். பாலம் கடந்தால் பூநகரி வயல்கள், மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்போன மண். காலையில் நகரத்துக் கடையில் அரிசி விலை எழுதிய மட்டையைப் பார்த்த பிள்ளை, பின்னேரம் அது விளைகிற வரம்பில் நிற்கும். அப்படிச் சுற்றி வந்தால்தான் இந்த வழிக்கு நான் பரிந்து பேசுவேன். ஏ9ஆலேயே போய் ஏ9ஆலேயே திரும்புவதென்றால் திரும்பும் பாதியில் எல்லாரும் கைப்பேசிக்குள் இருப்பார்கள்.

முல்லைத்தீவுச் சுற்றில் இந்தத் தயாரிப்பு எதுவும் வேண்டாம். நகரத்தில் பொருள்கள் எல்லாம் முடிந்த நிலையில் இருக்கின்றன. இங்கே எல்லாம் அரைவாசியில் நிற்கின்றன, செய்துகொண்டிருப்பவரும் பக்கத்தில் நிற்கிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

கிளிநொச்சியிலிருந்து தெற்கே இறங்கியதும் முதல் நிறுத்தம் இரணைமடு. ஏ9இல் இருந்து சந்தியால் உள்ளே திரும்பிக் குளக்கட்டின் மேல் ஏற வேண்டும். வட மாகாணத்திலேயே பெரிய குளம். கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீரை இங்கே மறித்துக் கிளிநொச்சி வயல்களுக்கு விடுகிறார்கள். பிள்ளைகள் குளக்கட்டில் ஏறியதும் ஒருபக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மறுபக்கம் கீழே பள்ளத்தில் வாய்க்கால். துருசு எங்கே, வான் எங்கே என்று காட்டுங்கள். துருசு வயலுக்குத் தண்ணீர் விடுவதற்கு. வான், கட்டு உடைந்துவிடாமல் மிச்சத்தை வெளியே விடுவதற்கு. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு வன்னி பாதி விளங்கிவிடும். குளத்தின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் சொல்வார்கள். 36 அடி வந்தால் நிறைந்தது என்று கணக்கு. மாரியில் வானொலியில் "இரணைமடு 34 அடி" என்று வாசித்தால் அதன் அர்த்தம் அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தெரியும். 2018 டிசெம்பரில் ஒரே இரவு மழையில் கதவுகளைத் திறக்க வேண்டி வந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததைப் பெரியவர்கள் அங்கே வைத்தே சொல்லலாம். ஒரு கதவைத் திறப்பதும் பூட்டி வைப்பதும் எவ்வளவு பெரிய முடிவு என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

அடுத்தது முறிகண்டி. எந்த வாகனமும் நிற்காமல் போகாது: கால் முகம் கழுவி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் சாரதி ஏற மாட்டார். கச்சான் பொதியை இங்கே வாங்கி, கொஞ்சத்தை மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். பின்னேரம் தேவைப்படும்.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பியதும் காடு. பாலை, வீரை, முதிரை, அங்கங்கே கருங்காலி. நாலு மரத்தைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஒருவர் வாகனத்தில் இருந்தால் நல்லது; அப்பப்பாவோ, விறகுக்குப் போன சித்தப்பாவோ. வைகாசி, ஆனி மாதங்களில் பாலைப்பழம் பழுக்கும், வீதியோரத்தில் விற்பார்கள். அந்தப் பால் உதட்டில் ஒட்டிக்கொள்வதைப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல் இருக்கிறது. 1803 ஒக்டோபர் 31இல் தங்கள் படை அவனைத் தோற்கடித்ததாக வெள்ளைக்காரர் பொறித்த செய்தி அது. தோற்றவனின் பெயரை வென்றவன் கல்லில் வெட்டி வைத்ததால் அந்த நாள் நமக்குத் தெரிகிறது. சரித்திரம் யார் கையால் எழுதப்படுகிறது என்பதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் விளங்க வைக்க இந்தக் கல் போதும்.

முள்ளியவளையைத் தாண்டி நந்திக்கடலோரம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. நம்புகிற பிள்ளையும் எப்படி என்று குடைகிற பிள்ளையும் ஒரே வாகனத்தில் இருந்தால் அடுத்த அரைமணி நேரத்துக்கு உங்களுக்கு வேலை இல்லை.

முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை பொத்துபவர்களிடம் போய் நில்லுங்கள். 2004 டிசெம்பர் 26 கடல்கோள் இந்த ஊரை எப்படி அள்ளியது என்று அவர்கள் வாயால் கேட்பது வேறு. ஆனால் முதலில் மீனைப் பற்றிக் கேட்கட்டும்.

திரும்பும் பாதி வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, விசுவமடு என்று போகிறது. இங்கேதான் இந்தச் சுற்று மற்ற இரண்டை விடக் கனமானது. 2009 மே 18இல் போர் முடிந்த இடம் இது. வாகனத்தில் இருக்கும் பெரியவர்களில் ஒருவராவது அந்த வீதியால் நடந்தவராக இருப்பார். ஆகவே வெளிக்கிடுவதற்கு முதல் நாள் கேட்க வேண்டியது பிள்ளைகளிடம் அல்ல, அம்மம்மாவிடம்: இந்த வழியால் வர உங்களுக்குச் சம்மதமா? வேண்டாம் என்றால் மாங்குளத்தால் போன வழியே திரும்புங்கள், ஒன்றும் குறையாது. சம்மதம் என்றால், அவர் சொல்கிற அளவுக்குச் சொல்லட்டும். பிள்ளை கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் பதில். "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்ட ஆறு வயதுக்கு "நிறையச் சனம் செத்தது, நாங்கள் தப்பி வந்தோம்" என்பது போதும். பன்னிரண்டு வயது அதோடு விடாது. யாழ்ப்பாணம் போனால் இதைத் தவிர்க்கலாம் என்று நினைப்பவர்கள் முகமாலையையும் நூலகத்தையும் மறந்துவிடுகிறார்கள். வன்னியில் இந்தக் கேள்வி வராத வீதி இல்லை. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறார்கள். இங்கே வளர்ந்தவர்கள் வீட்டுப் பேச்சில் அரைகுறையாகக் கேட்டு வளர்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே சீற்றில் இருந்து கதைப்பதை நான் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் நடுவில் புகாமல் இருந்தால் அவர்களே நிறையக் கண்டுபிடிக்கிறார்கள்.

புதுக்குடியிருப்பு, விசுவமடுப் பக்கத்து மேட்டுக்காணிகளில் கச்சான் போடுவார்கள். பயிர்க் காலமென்றால் காணிக்காரரிடம் கேட்டு ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டுங்கள். கச்சான் மண்ணுக்குள் காய்க்கிறது என்பது லண்டன் பிள்ளைக்கு மட்டும் அல்ல, கிளிநொச்சி நகரப் பிள்ளைக்கும் புதினம்தான். பூ மேலே பூக்கிறது, காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிறது. காலையில் முறிகண்டியில் வாங்கி மிச்சம் வைத்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஈரமான வெள்ளைத் தோடு, வறுத்த தோடு, இடையில் என்ன நடந்திருக்கும்? விலையும் கேட்கச் சொல்லுங்கள்: காணியில் என்ன விலைக்குப் போகிறது, முறிகண்டியில் என்ன விலைக்கு வாங்கினோம்? நடுவில் இருக்கும் காசு யாருக்கு என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

அறுவடை முடிந்த காலமென்றால் வீதியோரம் நெல் காயும். காலபோகம் மாசி, பங்குனியில்; இரணைமடுத் தண்ணீரில் செய்யும் சிறுபோகம் ஆவணி, புரட்டாசியில். தார் வீதியின் ஒரு கரையில் நெல்லைப் பரப்பி, வாகனம் ஏறாமல் கல்லோ தடியோ வைத்திருப்பார்கள். அதன் மேல் ஒருவர் வெறுங்காலை இழுத்து இழுத்து நடப்பார். ஒவ்வொரு நடைக்கும் நெல்லில் இரண்டு சால் விழும், அடி நெல் மேலே வரும். பிறகு குனிந்து இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். டிக் என்று முறிந்தால் காய்ந்தது, நசிந்தால் இன்னும் ஒரு வெயில். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதம் கேட்கிறது. அவர் பல்லால் அளக்கிறார், அங்கே மெசினால் அளக்கிறார்கள். ஈரம் கூடினால் விலை குறையும், அல்லது மூட்டை திரும்பி வரும். சதவீதம் என்ற சொல்லைக் கரும்பலகையில் பார்த்துப் பயந்த பிள்ளை இங்கே பயப்படாது. வீதியில் நெல் காயவிடுவது விபத்துக்கு வழி என்பதும் உண்மைதான். சாரதியிடம் கேட்டால் அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்வார்.

மன்னாரை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பூநகரிக் கோட்டை, வெள்ளாங்குளம், திருக்கேதீச்சரம், தீவின் தென்கரையில் வரிசையாகக் காற்றாலைகள், பள்ளிமுனைப் பெருக்கமரம், தெருவில் தன்பாட்டில் திரியும் கழுதைகள். மாரி காலத்தில் வங்காலைப் பக்கம் பூநாரைகள் வரும். ஒன்றுக்கும் குறை இல்லை. ஆனால் போய்ச் சேரவே காலை முடிந்துவிடும், பிறகு ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேரம் என்று ஓட வேண்டும். மடுவில் தங்கலாம், மன்னாரில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே தங்கலாம்; அப்படியென்றால் மார்கழி, தைதான் சரியான மாதம். ஒரு நாள்தான் என்றால் விடுங்கள்.

காலத்தை வைத்துப் பார்த்தால் என் கணக்கு இது. ஏப்ரல் விடுமுறைக்கு முல்லைத்தீவுச் சுற்று. அறுவடை முடிந்திருக்கும், குளத்தில் தண்ணீர் இருக்கும், வீதி காய்ந்திருக்கும். ஓகஸ்டில் பெரிய பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போய்ப் பூநகரியால் திரும்பலாம். நல்லூர்த் திருவிழா நாள்களில் நகரத்துக்குள் வாகனம் விட இடம் கிடைக்காது என்பதைக் கணக்கில் எடுங்கள். டிசெம்பரில் குளங்கள் வான் பாய்வதைப் பார்க்க இரணைமடு மட்டும் போய்வந்தாலே போதும். அந்த மாதம் வட்டுவாகலில் தண்ணீர் மேவும், பாலமும் ஒடுங்கலானது. வெளிக்கிட முதல் அங்கே யாரிடமாவது விசாரித்துவிட்டுப் போங்கள்.

எந்த வழி என்றாலும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். காட்டுக்குள் பிள்ளைகளை இறக்கி விடாதீர்கள், ஒதுங்குவதற்கும் கடையோ கோவிலோ பார்த்து நில்லுங்கள். மிதிவெடிப் பலகை இல்லாத இடமெல்லாம் பத்திரம் என்று அர்த்தம் இல்லை. மாங்குளம் - ஒட்டுசுட்டான் காட்டை இருட்டுவதற்கு முதல் கடக்க வேண்டும், யானையும் வரும், வீதியில் படுத்திருக்கும் மாடும் இருக்கும். ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்ற வேகக் கட்டுப்பாட்டைப் பிள்ளைகளிடமே கொடுத்து முள்ளைப் பார்க்க விடுங்கள். சாரதிக்கு அதைவிடக் கண்டிப்பான பொலிஸ் கிடையாது.

வாகனம் பிடிக்கக் கட்டாது என்றால் ரயில் இருக்கிறது. கிளிநொச்சிக்கு 2013இலும் யாழ்ப்பாணத்துக்கு 2014இலும் தண்டவாளம் திரும்பி வந்தது. அதற்கு முன் 1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை. மூன்றாம் வகுப்பு ரிக்கற் எடுத்து, ஜன்னல் ஓரம் பிடித்துப் போனால் ஆனையிறவு வீதியில் இருந்து தெரிவதைவிட நன்றாகத் தெரியும். ரிக்கற்றைப் பிள்ளையே கேட்டு வாங்கட்டும், மிச்சக் காசை அதுவே எண்ணட்டும். திரும்பும்போது பூநகரியால் வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கியவுடனேயே கேட்டு வையுங்கள். கடைசி பஸ் பின்னேரத்தோடு போய்விட்டால் ஏ9 பஸ்தான் கதி.